துப்பாக்கியில் மாட்டிய டார்ச்

அஜிஷா மைனி ஷ்ருதியையும் கூட்டிக்கொண்டு ஹூஸ்டனிலிருந்து துபாய் கராமாவில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது, அவள் திரும்பிப் போவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது. ரிட்டர்ன் டிக்கெட் மட்டும் பையில் இருந்தது. ஜெகின் அண்ணன் தினமும் காலையில் போன் போட்டு, "என்ன சொல்லுகா? வருவாளா?" என்று கேட்பான். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது நான்தான். அவன் என் கூடப்பிறந்தவன், இவள் அவன் கட்டியவள், எனக்கு மைனி, அதாவது அண்ணி, ஷ்ருதி அவர்களுக்கு இருக்கிற ஒரே பிள்ளை. ஒரு டார்ச் லைட்டால் ஒரு குடும்பம் ரெண்டுபடும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாரும் என்று துரத்தியிருப்பேன்.

என் பெயர் ஜெஸ்மி. குளச்சல் பக்கத்துக் கடற்கரைதான் ஊர். இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ். என் வீட்டுக்காரர் தேவசுந்தரம் ஏசி டெக்னீஷியன். ஜெகின் அண்ணனும் இங்கே ஜெபல் அலியில் வருஷக்கணக்காக இருந்தவன்தான். மைனியும் நர்ஸ் என்பதால் அவளுக்கு அமெரிக்கா வேலை சரியானதும் குடும்பத்தோடு கிளம்பிப் போனார்கள். போகிற வரைக்கும் அண்ணன் எப்படிப்பட்டவன் தெரியுமா? ரூம் கதவைப் பூட்டாமலே டூட்டிக்குப் போகிறவன். ஹோட்டல் மேசையில் மொபைலை வைத்துவிட்டுக் கை கழுவப் போகிறவன். இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான். சாமானை வைத்த இடத்தில் வைத்துவிட்டுப் போனால் அது அங்கேயே இருக்கும்.

அந்த ஆள் ஹூஸ்டனில் போய்த் துப்பாக்கி வாங்கினான்!

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்துவிட்டானாம். அதுதான் காரணம். சட்டைக்குள்ளே இடுப்பில் மறைத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறான், மாதா கோயிலுக்குக்கூடப் போகிறான். அங்கே சட்டம் விடுகிறதாம். துபாயில் வெறும் கத்தி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏறினாலே என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

போன ஈஸ்டருக்கு வீடியோ கால் போட்டவன் ரெண்டு டார்ச்சை மேசையில் வைத்துக் காட்டினான். ஒன்று கையில் பிடிக்கிற சாதாரண டார்ச். இன்னொன்று கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்புச் சாமான். அதைத் துப்பாக்கிக்குழலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளலாமாம். விளையாட்டுச் சாமான் காட்டுகிற பிள்ளை மாதிரி முகமெல்லாம் பல்.

"ரெண்டு எதுக்குண்ணே?" என்றேன்.

"கைல டார்ச் பிடிச்சா ஒரு கை போச்சு, கேட்டியா. கதவத் தொறக்கணும், போலீசுக்கு போன் பண்ணணும், பிள்ளயப் பிடிக்கணும். எல்லாத்துக்கும் கை வேண்டாமா? இது துப்பாக்கியிலயே இருக்கும். வெரலால ஒரு அமுக்கு, வெளிச்சம் வரும்."

"அப்ப இருட்டுல யாரையாவது பாக்கணும்னா துப்பாக்கிய நீட்டித்தான் பாக்கணுமா?" என்று என் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார்.

அண்ணன் சிரித்தான். "அப்பிடிப் பாக்கப்பிடாதுன்னுதான் மச்சான் துப்பாக்கி கிளாஸ்லயும் சொல்லிக் குடுத்தான். யாருன்னு தேடுகதுக்குக் கை டார்ச். தரையில அடிச்சாப் போதும், அந்த வெளிச்சத்திலயே ஆளு தெரியும். ஆபத்துதான்னு ஒறப்பான பெறவுதான் துப்பாக்கி லைட்டு."

"பெறவென்ன, கை டார்ச்சையும் கூட வச்சுக்க."

"அது கனமா கெடக்கு, மச்சான். கிச்சன்ல வச்சிருக்கேன்."

நைட் டூட்டியில் நானும் டார்ச்சோடுதான் ரவுண்ட்ஸ் போகிறேன். நோயாளி முகத்தில் அடித்தால் பதறிப்போவார்கள் என்று சுவரில் அடித்துத்தான் பார்ப்போம். இதை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விட்டது. தெரிந்த பாடத்தைத்தானே சொல்கிறான், ஒழுங்காகத்தான் இருப்பான் என்று நானும் விட்டுவிட்டேன்.

இனி எங்கள் சின்னவன் விஜினின் கதைக்கு வருகிறேன். அவன் அபுதாபியில் ஒரு ஆயில்ஃபீல்ட் கம்பெனியில் டெக்னீஷியன். மே மாதம் அவனைக் கம்பெனி டிரெயினிங்குக்கு அனுப்பியது. எங்கே? ஹூஸ்டனுக்கு! போன் போட்டவன் முதல் வார்த்தையாக, "அக்கா, அண்ணன்ட்ட மூச்சு விடப்பிடாது, சர்ப்ரைஸ்" என்றான்.

கல்ஃப்காரர்களுக்கு இது ஒரு வியாதி. லீவில் ஊருக்குப் போகிறவன் எவனும் இப்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவதில்லை. திடுதிப்பென்று போய்ப் புறவாசல் வழியாக நுழைய வேண்டும், அம்மா கத்த வேண்டும், பெண்டாட்டி அழ வேண்டும், அதையெல்லாம் ஒருத்தன் மொபைலில் பிடிக்க வேண்டும். ரூமில் இருக்கிற பயல்கள் லைவில் பார்த்து விசிலடிப்பார்கள். விஜின் இதில் மன்னன். ஒரு தடவை முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்து அம்மாவிடம் விளக்குமாற்றால் வாங்கினான். அந்த வீடியோவை எங்கள் பில்டிங் வாட்ச்மேன்கூடப் பார்த்திருக்கிறார்.

எனக்கும் குஷிதான். பொய் சொல்வானேன்? அண்ணனும் தம்பியும் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. ஷ்ருதியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டோம். மைனிக்கு அன்று ராத்திரி டூட்டி. ஷ்ருதி பின்பக்கத்துக் கேட்டையும் கதவையும் தாழ்ப்பாள் போடாமல் வைக்க வேண்டும், விஜின் தோட்டம் வழியாக உள்ளே வர வேண்டும். இதுதான் திட்டம். துப்பாக்கி என்று ஒன்று அந்த வீட்டில் இருப்பது எங்கள் ஒருத்தர் நினைப்பிலும் வரவில்லை. அந்த நாட்டில் எவனும் சொல்லாமல் இன்னொருத்தன் வீட்டுப் புறவாசலில் நுழையமாட்டான் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? எங்கள் ஊரில் புறவாசல் வழியாக வருகிறவன்தான் சொந்தக்காரன்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. கோயிலுக்குக் கிளம்பும் முன் நானும் இவரும் சாயாவை வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தோம். மொபைலைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்திருந்தேன். விஜின் தன் மொபைலைச் சட்டைப் பையில் கேமரா வெளியே தெரிகிற மாதிரி சொருகியிருந்தான். அங்கே இருட்டு. அவன் மூச்சும் புல்லில் நடக்கிற சத்தமும்தான் கேட்டன. "வந்தாச்சு, வந்தாச்சு" என்று கிசுகிசுத்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

கேட் கிரீச்சென்றது. கதவு திறந்தது. உள்ளே ரெண்டு எட்டு வைத்திருப்பான்.

மொபைல் முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. ஒரு குரல் இங்கிலீஷில் கத்தியது. கையைத் தூக்கு, அசையாதே என்று. அது என் அண்ணன் குரல்தான். ஆனால் அப்படி ஒரு குரல் அவனுக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அந்த மடையன் விஜின் சிரித்தான்! நம்மை ஏமாற்ற அண்ணனும் நாடகம் போடுகிறான் என்று நினைத்துவிட்டான். கண் கூசுகிறதில் எதிரே என்ன இருக்கிறதென்றே அவனுக்குத் தெரியவில்லை. கையில் கறுப்புக் கவரில் ஈச்சம்பழப் பெட்டி வைத்திருந்தான். அதை "இந்தா பிடி" என்பது போல முன்னால் நீட்டினான்.

"டிராப் இட்! டிராப் இட்!"

"ஜெஸ்மி, துப்பாக்கி!" என்று இவர் எழுந்துவிட்டார். சாயா மேசையெல்லாம் கொட்டியது. நான் மொபைலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "எண்ணே! சுடாத! நம்ம விஜின்! நம்ம விஜின் எண்ணே! மாதாவே, சுடாத!"

அங்கே தம்பியின் நெஞ்சிலிருந்து என் குரல் வந்திருக்கிறது. அண்ணன், "ஜெஸ்மி?" என்றான். அப்புறம், "லேய்... விஜினா?" என்றான். குரல் உடைந்துவிட்டது. விஜின், "ஆமாண்ணே, நான்தான்" என்றான். நான் அப்படியே நாற்காலியில் விழுந்தேன். கடவுள் காப்பாற்றினார், முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பக்கத்திலிருந்து "சர்ப்ரைஸ், அப்பா!" என்று ஒரு சத்தம் கேட்டது.

ஷ்ருதி அதுவரைக்கும் கிச்சன் மூலையில் ஒளிந்துகொண்டு எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். சத்தம் கேட்டதும் வெளிச்சம் விஜினை விட்டு விலகி அந்தப் பக்கம் திரும்பியது. எங்களுக்கு இப்போது எல்லாம் தெரிந்தது. வட்டமாக வெள்ளை வெளிச்சம். அதற்குள் பூனைப் படம் போட்ட நைட்டி, அதற்கு மேலே ஷ்ருதியின் முகம். கண்ணைச் சுருக்கியிருந்தாள், சிரிப்பு இன்னும் போகவில்லை. வெளிச்சத்தின் இந்தப் பக்கத்து நுனியில் என் அண்ணனின் கை, கையில் துப்பாக்கி. பெற்ற பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே.

இந்தத் தடவை எனக்குக் கத்தத் தோன்றவில்லை. இவர் மட்டும் "ஐயோ ஐயோ" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணன் துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை. பிள்ளைதான் என்று தெரிந்தும் தாழ்த்தவில்லை. மரத்துப்போய் நின்றான். ஷ்ருதிதான் சொன்னாள்: "அப்பா, லைட் கண்ணுல படுது." அதற்குப் பிறகுதான் வெளிச்சம் கீழே இறங்கியது. துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு அண்ணனும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். விஜின் போனைக் கட் பண்ணிவிட்டான்.

சுடவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதைத்தான் அண்ணன் அன்றிலிருந்து நூறு தடவை சொல்கிறான்.

காலையில் டூட்டி முடிந்து வந்த மைனி அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம். "விஜின்னு தெரிஞ்ச பெறவா அவ பக்கம் திருப்புனிய?" அவன், "சத்தம் கேட்டுது, யாருன்னு பாக்கத்தான் திருப்புனேன்" என்று சொல்லியிருக்கிறான். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மைனி இங்கே வந்துவிட்டாள்.

வந்தவளிடம் நான் அண்ணனுக்காகத்தான் பேசினேன். பின்னே? ரத்தம் தண்ணியாகிவிடுமா? "தப்பு எல்லாருக்க மேலயும்தான் இருக்கு மைனி. நாங்க சொல்லாம ஆள அனுப்புனது தப்பில்லியா? வேற எவனாவது வந்திருந்தா அண்ணன் உங்களக் காப்பாத்துனான்னு சொல்லியிருப்போம்."

"அதுல எனக்கு ஒண்ணும் இல்ல ஜெஸ்மி. விஜின் மேல நீட்டுனத நான் கேக்கவே இல்ல. அந்த வீட்டுல இனி ஒரு சத்தம் கேட்டா அவரு எதால பாப்பாரு? அதச் சொல்லு."

இதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். அவனுக்கு வழி பிறந்தது மாதிரி ஆகிவிட்டது. "லைட்டக் கழட்டிட்டேன்னு சொல்லு. இனி கை டார்ச்தான். தலமாட்டுல வச்சிருக்கேன்னு சொல்லு." துப்பாக்கியையே விற்றுவிடேன் என்றதற்கு மட்டும், "ஒனக்கு இங்கத்த நெலம தெரியாது" என்று குரலை ஏற்றினான். நானும் விடவில்லை. "ஒனக்கு ஒனக்க வீட்டு நெலமயே தெரியல்ல, பெரிய ஊரு நெலமயக் கண்டுட்ட!" என்று போனை வைத்தேன். மறுநாள் காலையில் வழக்கம்போல அவனே கூப்பிட்டான்.

சூடு காலம். வெளியே தலை நீட்ட முடியாது. மைனியும் நானும் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டே பேசுவோம். நான் விடாமல் அரித்தேன். ஹூஸ்டன் வேலையை விட்டால் திரும்பக் கிடைக்குமா, பிள்ளையின் படிப்பு என்னாவது, அவன் அங்கே தனியாகக் கிடந்து என்ன தின்கிறானோ என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். மைனி மெல்ல இறங்கி வந்தாள். கடைசியில் ஒரு நாள், "ஷ்ருதி சரின்னா நானும் வாறேன். அவ வேண்டாம்னா என்னக் கட்டாயப்படுத்தக் கூடாது" என்றாள்.

ஷ்ருதியைக் கேட்டேன். அவள் டேப்லட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஐ ஆம் ஓகே, அத்தை. அப்பா பாவம். ஆக்சுவலி இட் வாஸ் ஃபன்னி" என்றாள். நானே பார்த்தேன், பிள்ளை நன்றாகத் தின்கிறது, நன்றாகத் தூங்குகிறது, அப்பாவோடு போனில் சிரித்துப் பேசுகிறது. இவ்வளவுதான் விஷயம், பெரியவர்கள் நாம்தான் ஊதிப் பெரிதாக்குகிறோம் என்று எனக்குத் தோன்றியது. மைனியும் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று அண்ணனுக்குப் போன் போட்டேன். "வியாழக்கெழம ஏறுகா. ஒழுங்கு மரியாதையா ஏர்போர்ட்டுக்கு வா." அவன் அழுதுவிட்டான். நானும் அழுதேன்.

புதன்கிழமை மத்தியானம் ஷ்ருதி இருமிக்கொண்டிருந்தாள். மாலில் ஏசிக்குள் உட்கார்ந்து ஐஸ்கிரீமாகத் தின்றால் வேறென்ன வரும்? மைனி பர்துபாய்க்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். நாளைக்கு இத்தனை மணி நேரம் பிளைட்டில் போகிற பிள்ளை, தொண்டையில் புண் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து மருந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"மக்களே, இஞ்ச வா. அத்தைக்கு ஆ காட்டு."

ஜன்னல் கர்ட்டன் போட்டிருந்ததால் ஹால் மங்கலாகத்தான் இருந்தது. எதிரே வந்து நின்று வாயைத் திறந்தாள். சிரித்துக்கொண்டுதான் நின்றாள். நான் மொபைலை எடுத்து டார்ச்சைப் போட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

பிள்ளையின் இரண்டு கையும் மேலே போனது.

யாரும் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்து செய்த மாதிரியும் இல்லை. விரல்களை விரித்து, காதுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் நான் சொன்னபடி திறந்தேதான் இருந்தது. கண் மட்டும் என்னைப் பார்க்கவில்லை, வெளிச்சத்தைப் பார்த்தது. இமைக்கவே இல்லை.

எத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகளுக்குத் தொண்டை பார்த்திருக்கிறேன்! திமிறும், கடிக்கும், ஓடும். இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. "கையக் கீழ போடு மக்களே" என்றேன். போடவில்லை. அவசரத்தில் லைட்டை அணைக்கிற இடம் எனக்குக் கிடைக்கவில்லை. மொபைலையே சோபாவில் கவிழ்த்துப் போட்டேன். வெளிச்சம் போன பிறகுதான் கை இறங்கியது.

"தொண்டை ஓகேயா, அத்தை?" என்று கேட்டாள்.

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். எதற்கு அழுகிறேன் என்று பிள்ளைக்கு விளங்கவில்லை. மூன்று வாரமாக நான் பேசின பேச்சையெல்லாம் நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

கவிழ்ந்து கிடந்த மொபைல் அடித்தது. அண்ணன்தான். அவனுக்கு அப்போது விடிந்திருக்கும். ஷ்ருதியை ரூமுக்குப் போகச் சொல்லிவிட்டு எடுத்தேன்.

"ஜெஸ்மி, வீட்டையெல்லாம் தூத்துத் தொடச்சாச்சு. ஷ்ருதிக்குப் பிடிச்ச கேக்கும் சொல்லியிருக்கேன். நாளைக்கு நேரத்துக்குத்தானே ஏறுகாங்க?"

"ஏறல்லண்ணே."

"என்னது? நேத்து ஏறுகான்னு சொன்னியே! அஜிஷா என்ன சொல்லுகா இப்ப?"

"மைனிக்கு இன்னும் விஷயமே தெரியாது. அவ பெட்டி கெட்டி வச்சிருக்கா. நான்தான் விடமாட்டேன்னு சொல்லுகேன்."

"நீயா? ஒனக்கு என்ன வந்துது? நான் சுடல்லியே, ஜெஸ்மி! இத்தன தடவ சொல்லியாச்சு, நான் சுடல்லியே!"

"சுடல்ல. சரி. இப்ப இவளுக்குத் தொண்ட பாக்க லைட்ட அடிச்சேன், எண்ணே. ரெண்டு கையையும் தூக்கிட்டா."

போனை வைத்துவிட்டுப் போய் மைனி கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன்.